கேட்காத இரண்டாவது சத்தம்

போன வாரம் என் மகள் தன் காருக்குக் கதவு ரப்பர் மாற்ற திண்டிவனத்தில் ஒரு குஷன் கடைக்குப் போனாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று என்னையும் அழைத்துக்கொண்டாள். எழுபத்தெட்டு வயதுக்காரனை வெளியே கூட்டிப்போவது என்றால் ஒன்று ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் கோயிலுக்கு. குஷன் கடைக்கு வா என்று ஒருவர் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு ஷட்டர் அளவுக் கடை. உள்ளே சீட் கவர்கள் அடுக்கியிருந்தன. மேலே கம்பியில் கறுப்பு ரப்பர் சுருள் சுருளாகத் தொங்கியது. வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் திறந்து, அதன் சட்டத்தைச் சுற்றி ஓடும் பழைய ரப்பரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி அது துண்டு துண்டாக உடைந்து வந்தது. ஒட்டியிருந்த பழைய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பிறகு ஒரு புதுச் சுருளைப் பிரித்தார்.

புது ரப்பரின் வாசனை தெரியும் அல்லவா? பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் புதுச் செருப்பிலும் அழிரப்பரிலும் வருமே, அந்த வாசனை. யாருக்கும் அதில் நல்ல நினைவுதான் வர வேண்டும். நான் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே மகளிடம் சொன்னார். "மேடம், புது பீடிங் ரப்பரு. ஒரு மாசத்துக்கு டைட்டாத்தான் இருக்கும். ஓங்கி சாத்துங்க. மெதுவா சாத்துனா பாதி லாக்குலயே நின்னுக்கும்."

"சரிண்ணா" என்றாள். ஏறி உட்கார்ந்து கதவை ஓங்கி அறைந்தாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவர் சொன்னார், அவள் செய்தாள். ஒரு நொடி வேலை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சுகர் எறங்கிடுச்சா?"

"ஒண்ணுமில்ல, வெயில்" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் மகளும் படிப்பாள். படிக்கட்டும்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நான் ஒரு கார் வாங்கினேன். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய கார். வெள்ளை நிறம், தொப்பி கவிழ்த்தது போன்ற கூரை, சோபா மாதிரி அகலமான இருக்கை. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். அந்தக் காலத்தில் ஆசிரியர் ஒருவர் காரில் வந்து இறங்கினால் பையன்கள் ஜன்னலுக்கு ஓடி வந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டும் என்பதற்காகவே மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து நிறுத்துவேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்போது இல்லை.

அந்தக் காருக்கு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். கதவை அடித்துச் சாத்தக் கூடாது. யார் ஏறினாலும், கை கைப்பிடியில் படும்போதே "மெதுவா, மெதுவா" என்று எச்சரித்துவிடுவேன். கதவு அதிர்ந்தால் கண்ணாடி தளரும், கண்ணாடி தளர்ந்தால் தகரம் துருப்பிடிக்கும் என்று விஞ்ஞான விளக்கம் வேறு. எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒருமுறை அவசரத்தில் ஓங்கிச் சாத்திவிட்டார். "சாமி, கதவு சாமி!" என்று அலறிவிட்டேன். அடுத்த முறை அவர் பீடத்து நற்கருணைப் பேழையைச் சாத்துவது போல அதைச் சாத்தினார். உடன் வேலை செய்த தமிழாசிரியர், "உங்க வண்டில கதவைச் சாத்துற நேரத்துல நடந்தே வீட்டுக்குப் போயிடலாம் சார்" என்பார்.

என் மனைவியின் தம்பி சேவியர் வாய்த்துடுக்கானவன். முகையூரில் அவர்களுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. "மாமா, கதவுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா? ஒரு பேரு வெச்சிடுங்க, கூப்புட்டுக் கொஞ்ச வசதியா இருக்கும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் சேவியரின் வாய்க்குக் கொஞ்சம் பயந்தேன். கேலியைத் தாங்க முடியாதவன் நான். வகுப்பில் இருபது வருடம் கேள்வி கேட்கிற இடத்தில் நின்றவனுக்கு அந்த நோய் வந்துவிடுகிறது.

சட்டத்தை மிகச் சரியாகப் பின்பற்றியவள் பிலோமினா, என் மனைவி. கதவை முக்கால்வாசி இழுத்து நிறுத்துவாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து, கடைசி விரற்கடை தூரத்தை மட்டும் பதமாக இழுப்பாள். பூட்டு விழுந்த சத்தமே கேட்காது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை இல்லை. உண்மையிலேயே அது ஒன்றுதான்.

கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்தினாலும் ரப்பருக்கு வயதாகத்தானே செய்யும்? கதவு ரப்பர் தட்டையாகி வெடித்துவிட்டது. முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் சுருங்கி மூலையில் வாய் பிளந்துவிட்டது. மழை பெய்தால் சரியாக பிலோமினாவின் கால்மேல் சொட்டும். அவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஈரத்தில் தரைவிரிப்பு நாறும். வெயில் காலத்தில் முகையூர்ப் பக்கம் போனால் செம்மண் புழுதி உள்ளே வந்து தலையெல்லாம் படிந்துவிடும். "ஏறும்போது முப்பத்தெட்டு வயசு, எறங்கும்போது அறுவது. நல்ல காருங்க" என்பாள். அவளும் கேலி செய்வாள். ஆனால் அவள் கேலியில் முள் இருக்காது.

அப்படித்தான் விழுப்புரத்தில் ஏழுமலையிடம் போனேன். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு புளிய மரத்தடியில் தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. 'பீடிங் ஏழுமலை' என்றால் யாரும் கை காட்டுவார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், ரைஸ்மில்காரர்கள், எங்கள் கோயில் ஜீப் உட்பட எல்லாம் அவரிடம்தான் வரும். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஒல்லியான ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே பேசுவார்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார். கதவுகளை முடித்துவிட்டு முன் கண்ணாடிக்கு வந்தார். அதை மாட்டுகிற வித்தையை அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரைப் போட்டு, ரப்பரின் வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நூல்கயிற்றைப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, அப்படியே தூக்கிச் சட்டத்தில் வைத்தார். கயிற்றின் இரண்டு முனைகளும் காருக்குள் தொங்கின.

"சார், நீங்க உள்ள குந்துங்க. நான் வெளிய நின்னு அமுக்கிக்கினு வரேன். எங்க தட்டுறேனோ அங்க கயிறை இழுங்க. ஜல்தி பண்ணாதீங்க. அறுந்துச்சின்னா பேஜாரு."

உள்ளே உட்கார்ந்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையால் தட்டுவார், நான் இழுப்பேன், ரப்பரின் உதடு தகரத்தின் மேலேறி உட்காரும். ஒரு முழம், இன்னொரு முழம். நெகிழ்ச்சி, அழுத்தம் என்று நான் உள்ளிருந்தே அவருக்குப் பாடம் நடத்தினேன். "அப்டிங்களா சார்" என்று ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகச் சொன்னார். கயிறு அறுபடாமல் முழுதாக வெளியே வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். என் வாழ்க்கையில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து கையால் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

கடைசியில் ஒவ்வொரு கதவிலும் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பார்த்தார். தாள் நகரவில்லை. கிழிந்துதான் வந்தது. "காத்துகூட நொழையாது" என்றார். பிறகு முன் இடது கதவை மெதுவாகத் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கதவு மூடியதுபோலத்தான் இருந்தது.

"இதப் பாத்துக்கங்க சார். இது பாதி லாக்கு. சாத்துன மாதிரி தெரியும், ஆனா சாத்தல." ஒரு விரலால் உள்ளிருந்து தள்ளிக் காட்டினார். திறந்துகொண்டது. இப்போது ஓங்கி அறைந்தார். டக், டக். "ரெண்டு தபா கேக்கணும். புது ரப்பரு தள்ளும் சார். ஒரு மாசத்துக்கு அறைஞ்சிதான் சாத்தணும். ஊட்ல அம்மாவாண்ட சொல்லிடுங்க, மறந்துடாதீங்க. இல்ல, ஒரு அரை மணி குந்துனீங்கன்னா பூட்டுத் தகட்டக் கொஞ்சம் வெளிய தள்ளி வெச்சிடறேன். பெயிண்டு லேசா உரியும், அவ்ளோதான்."

பெயிண்ட் உரியும் என்றதும் நான் வேண்டாம் என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்றேன். கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது ஓடி வந்து மறுபடியும் சொன்னார். "சார், அம்மாவாண்ட."

வீட்டில் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. மறக்கவில்லை. இத்தனை வருடம் மெதுவாக, மெதுவாக என்று ஊரையே படுத்தியவன், இப்போது போய் 'இனிமேல் அறைந்து சாத்து' என்று எப்படிச் சொல்வது? நல்ல சந்தர்ப்பம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வாரம் முழுக்க என் பக்கக் கதவை நான் ஓங்கித்தான் அறைந்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகையூரில் சேவியரின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. அக்காவை நேரில் அழைத்துப்போக வேண்டும் என்று முதல் நாளே திண்டிவனம் வந்திருந்தான். எங்கள் மகள் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். சேவியர் பின் இருக்கையில் ஏறிக் கதவைத் தன் வழக்கப்படி அடித்துச் சாத்தினான். டக், டக்.

"மெதுவா, சேவியர்!" என்றேன். பழக்கதோஷம். யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது.

"போச்சுடா, புள்ள முழிச்சிக்கிச்சு" என்றான் சேவியர்.

பிலோமினா சிரித்துக்கொண்டே முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இலைப்பச்சைப் பட்டுப் புடவை. மடியில் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே குழந்தைக்கு வெள்ளை முக்காடும் பூமுடியும். தம்பி வாங்கிக்கட்டிக்கொண்டதைப் பார்த்தவள், வழக்கத்தைவிட மெதுவாகக் கதவை இழுத்தாள்.

டக்.

ஒன்றுதான். எனக்குக் கேட்டது. இரண்டாவது சத்தம் வரவில்லை என்பதும் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பி, "சரியா சாத்திட்டேனாங்க?" என்று கேட்டாள். அவளுக்கே ஏதோ வித்தியாசமாகப் பட்டிருக்கிறது. கண்ணாடியில் சேவியரின் முகம் தெரிந்தது. நான் இப்போது 'அறைந்து சாத்து' என்றால் முகையூர் போய்ச் சேரும்வரை, போன பிறகும், விருந்துப் பந்தலிலும், அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

"ம்" என்றேன்.

வழியில் பெட்ரோல் போடும்போது நானே இறங்கிப் போய் அறைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி கரும்பை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. அதை முந்துகிற வேகத்தில் பங்க்கைத் தாண்டிவிட்டேன். சரி, விழுப்புரத்தில் பார்த்துக்கொள்ளலாம். சேவியர் பந்தல்காரன் ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். பிலோமினா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டிக்கு முன்னால் பழைய சாலையில் வலப்பக்கமாக ஒரு வளைவு.

வலப்பக்கம் திரும்பும் வண்டியில் இருப்பவர் இடப்பக்கம் சாய்வார். ஏன்? வருடம் தவறாமல் நான் நடத்திய பாடம் அது. கரும்பலகையில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்பேன்.

பெட்டி இருக்கையில் கிடந்தது. அவள் இல்லை.

உயிர் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து, இடது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்கும்போது சேவியர் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "மாமா, கதவு எப்பிடி மாமா தொறந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் தயாராக இருந்ததாக எனக்கே தெரியாது. "போன வாரம்தான் அந்த ஏழுமலை ரப்பர் மாத்தினான். சரியாப் பொருத்தல" என்றேன். அதுவரை அவர் எனக்கு 'அவர்' ஆக இருந்தார்.

சேவியர் அப்போதே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். "நாலு பேரு பாக்க அறைஞ்சேன் மாமா" என்றான். என் உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. 'சார் அப்பிடிச் சொன்னாரா?'ன்னு கேட்டான். ஆமாடான்னேன். அப்புறம் வாயே தொறக்கல."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான். மனைவி உள்ளே கிடக்கிறாள், ஒரு நிரபராதி அடிபட்டிருக்கிறார், எனக்கு அப்பாடா என்று இருந்தது.

கார் வைத்திருந்தவர்கள் அந்நாளில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். செய்தி ஒரு வாரத்தில் பரவிவிட்டது. டாக்டர்கள் போகவில்லை, வக்கீல்கள் போகவில்லை. கோயில் ஜீப் புதுச்சேரிக்குப் போயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் "நல்லவேளை சார் சொன்னீங்க" என்றார்கள். நான் காரை விற்றுவிட்டேன். மறு வருடம் பேருந்தில் அந்தப் பக்கம் போனபோது தகரக் கொட்டகையின் கதவில் பூட்டுத் தொங்கியது. பேருந்தில் நான் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

பிலோமினா ஐந்து மாதம் படுக்கையில் இருந்தாள். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. விடியற்காலைப் பூசைக்குக் கையில் பூவோடு விறுவிறுவென்று நடந்து போனவள், அதற்குப் பிறகு தடி இல்லாமல் நடக்கவில்லை. முழங்காலில் நிற்க முடியாது. கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் கடைசி வரிசையில் நாற்காலியில் தெரிவாள்.

தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்வோம். முடிவில் அவரவர் கருத்துக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். அவள் ஒவ்வொரு நாளும் ஒன்றையே வேண்டினாள். "ஆண்டவரே, அந்த ஏழுமலையை மன்னிக்கிற மனசை எனக்குத் தாரும்." நான் பக்கத்தில் முழந்தாளில் நின்று 'ஆமென்' என்பேன். சில நாள் அழுவாள். "கோவம் போவ மாட்டேங்குதுங்க. அவன் வேணும்னா செஞ்சான்? கவனக்குறைவு. தெரியுது. ஆனாலும் போவ மாட்டேங்குது." நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "மெல்ல மெல்லப் போகும்" என்று ஆறுதல் சொன்னேன்.

மறு வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலத்தில் ஒரு நாள் முகம் தெளிந்து, "மன்னிச்சிட்டேங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர் பெயரை எடுக்கவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா, சாமியாரிடம் போய்ப் பாவத்தை ஒப்புக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். கோபப்பட்டேன், பூசைக்கு ஒருமுறை போகவில்லை என்கிற இரண்டுக்கும் நடுவில், "பொய் சொன்னேன் சாமி" என்று நுழைத்துவிட்டேன். "எத்தனை தடவை?" என்றார். "ஒரு தடவை" என்றேன். மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவற்றையும் நடந்துகொண்டே சொன்னேன்.

மனைவியிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு என்றேன். பேத்தி பிறக்கட்டும் என்றேன். ஒவ்வொன்றாக எல்லாம் நடந்தது, இது மட்டும் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கடைசியாகப் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்தக் காலை வெச்சிக்கினு உங்களுக்கு எவ்ளோ கஷ்டம் குடுத்துட்டேன். ஒரு நாளு மூஞ்ச சுளிச்சதில்ல நீங்க." அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் மறைத்தேன் என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பயந்துகொண்டுதான் சொல்லவில்லை.

அன்று குஷன் கடையில், மகள் பணம் எடுக்கப் போன நேரத்தில், கடைக்காரரிடம் கேட்டேன். "முன்ன விழுப்புரத்துல ஏழுமலைன்னு ஒருத்தர் இருந்தார்..."

"பீடிங் ஏழுமலையா? அவரு தொழில உட்டு எத்தினி வருஷமாச்சு. பனமலைல மக ஊட்ல கீறாரு. எங்க மாமியாரு ஊரு அது."

நான்கு நாள் கழித்து, மகளிடம் பழைய நண்பரைப் பார்க்கப்போவதாகச் சொல்லி, வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனேன். வழியில் அந்த வளைவைத் தேடினேன். நாலு வழிச்சாலை வந்தபோது அதை நேராக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. சுங்கச்சாவடி வந்துவிட்டது, வளைவு வரவில்லை.

பனமலையில் ஏரிக்குப் போகிற தெருவில் வீடு. வாசலில் தார்ப்பாய் விரித்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டிருந்தது. ஓரத்தில் ஏழுமலை ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் என்னை ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

"வாங்க சார்" என்றார். எழுந்திருக்கவில்லை. "அம்மா எப்பிடிக் கீறாங்க?"

"போய்ட்டாங்க ஏழுமலை. ரெண்டு வருஷமாச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்ல அம்மா சார் அது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்தாங்களே. ஷெட்ட மூடிட்டு சாமானுங்கள ஏத்திக்கினு இருந்தேன். தடி ஊணிக்கினு பஸ்ஸுல எறங்கி வந்தாங்க, ஒண்டியா. கையில ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம், எம் புள்ளைக்கு. 'ஏழுமலை, உன்ன நான் மன்னிச்சிட்டேன்பா. நீயும் மனசுல வெச்சிக்காத'ன்னாங்க."

எனக்கு இது தெரியாது. எலும்பு டாக்டரைப் பார்க்க விழுப்புரம் போகிறேன் என்று அந்தத் தபசுக்காலத்தில் ஒரு நாள் தனியாகக் கிளம்பினாள். அது மட்டும்தான் தெரியும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது? உங்க ஊட்டுக்காரருக்கு ஒரு தபாக்கு ரெண்டு தபா சொல்லித்தாம்மா அனுப்புனேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்தம்மா திரும்பி எந்த ஊட்டுக்குப் போவும்? 'சரிம்மா'ன்னுட்டேன்."

நின்ற இடத்திலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு டக் மட்டும் கேட்டதை, அவள் கேட்ட கேள்வியை, நான் சொன்ன 'ம்' என்பதை. துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரிஞ்சா ஓட்டுனீங்க?"

"ஆமா."

"நான் நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். வாத்தியாரு, ஆயிரம் ரோசன இருக்கும், அம்மாவாண்ட சொல்ல மறந்திருப்பாரு, அப்பறம் பயத்துல எம் பேரச் சொல்லியிருப்பாருன்னு. இத்தினி வருஷமா அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

மடியிலிருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவர் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதையும் நானே போய் உடைத்துவிட்டேன்.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்க ஏழுமலை."

"இருந்துச்சு சார் கோவம். அந்த ஆளு அறைஞ்சதுகூட இல்ல. ரெண்டு பேரும் சேந்து கயிறு இழுத்தமே, அதான் அப்பிடியே நெஞ்சுல நின்னுக்கினு இருந்துச்சு. அப்பறம் புள்ளைங்க கண்ணாலம், எம் பொஞ்சாதி சாவு, அது இதுன்னு... எப்ப போச்சுன்னு தெரியல. இப்ப நீங்க கேக்கறீங்கன்னு தேடுனா கெடைக்கல." பிறகு, "இத அம்மாவாண்ட சொல்லியிருக்கணும் சார். எங்கிட்ட வந்து என்னா?" என்றார்.

அந்தக் கார் எந்தப் பழைய இரும்புக் கடையில் நசுங்கிப்போனதோ தெரியாது. கொட்டகையும் புளிய மரமும் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. சேவியர் போய்விட்டான், தான் அறைந்தது நியாயம் என்ற நம்பிக்கையோடு போனான். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஏழுமலையின் கோபம் ஒன்று எனக்காக எங்கேயோ இருக்கிறது, என்றைக்காவது போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதை நம்பித்தான் இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன். அதுவும் இல்லாமல் போயிருந்தது. என்னைத் திட்டும் உரிமை இருவருக்கு இருந்தது. ஒருத்தி உண்மை தெரியாமல் போய்விட்டாள். இன்னொருவருக்குத் தெரிந்தபோது திட்டுவதற்கு மனதில் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் குனிந்து மறுபடியும் துழாவ ஆரம்பித்தார். நான் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கொஞ்சம் நவுந்து நில்லுங்க சார். மல்லாட்ட மேல நெழலு உழுது."